பிள்ளைகளுக்கு இலக்கியக் கூறுகளை ஒரு மாயாஜாலக் கதைத்தொடரை வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

கேள்வியில் கேட்டிருப்பது இதுதான்: பதினொரு வயது மகள் கதைக்களம், பாத்திரப் படைப்பு, பார்வைக் கோணம், மையக் கருத்து என்று வரையறைகளை அட்சரம் பிசகாமல் ஒப்பிக்கிறாள். ஆனால் ஒரு கதையைக் கொடுத்து இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விழிக்கிறாள். அவள் விழுந்து விழுந்து படிக்கும் ஹாரி பாட்டரை வைத்தே இதையெல்லாம் புரியவைக்க முடியுமா?

தாராளமாக முடியும். பிள்ளைகளோடு உட்கார்ந்து நாவல் வாசித்துப் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கலைச்சொல்லைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் கதையைப் பற்றி அவள் வாதாடட்டும், சந்தேகப்படட்டும், கோபப்படட்டும். விஷயம் அவள் கைக்கு வந்த பிறகு, 'இதற்குப் பெயர் இது' என்று சொன்னால் போதும், மறக்கவே மறக்காது.

நீளமான தொடருக்கு ஒரு தனிச் சௌகரியமும் உண்டு. ஏழு பாகங்கள், 1997இல் தொடங்கி 2007இல் முடிந்தவை. முதல் பாகத்தில் போகிற போக்கில் வந்த பெயர் மூன்றாம் பாகத்தில் முழு மனிதனாக எழுந்து நிற்கும். முடிவு தெரிந்த பிறகு பழைய பக்கத்துக்குத் திரும்பி, ஆசிரியர் இதை எப்படிச் செய்தார் என்று பார்ப்பதுதான் இலக்கியப் பயிற்சியின் பெரும்பகுதி. (இன்னும் படித்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்துத்தான் பேசப்போகிறேன்.)

நான் எப்போதும் தொடங்குவது ஒரே ஒரு பக்கத்திலிருந்து. முதல் பாகத்தில், மந்திரப் பள்ளியில் சேர்ந்த ஹாரி ஆடும் முதல் க்விடிச் ஆட்டம் (துடைப்பத்தில் பறந்து ஆடும் விளையாட்டு). அவனுடைய துடைப்பம் திடீரென்று முரண்டு பிடித்து அவனைத் தூக்கியெறியப் பார்க்கிறது. அவன் தோழி ஹெர்மாய்னி தொலைநோக்கியை வாங்கிக் கூட்டத்தை அலசுகிறாள். பள்ளி வாத்தியார் ஸ்னேப் கண் இமைக்காமல் ஹாரியையே பார்த்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். அவள் ஓடிப்போய் அவருடைய அங்கியில் நெருப்பு வைக்கிறாள். துடைப்பம் அடங்கிவிடுகிறது. வாசிக்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் ஸ்னேப்தான் குற்றவாளி என்று அங்கேயே தீர்ப்பெழுதிவிடுவார்கள். கடைசி அத்தியாயத்தில்தான் உண்மை தெரியும். துடைப்பத்தை ஆட்டிவைத்தது இன்னொரு வாத்தியார், திக்குவாய்க்கார குவிரல். ஸ்னேப் முணுமுணுத்தது அதை முறிக்கிற மந்திரம்.

இப்போது அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். குவிரல் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள், வேறெதுவும் சொல்ல வேண்டாம். தேடினால் கிடைப்பார். ஸ்னேப்பை நோக்கி ஓடும் அவசரத்தில் ஹெர்மாய்னி அவரை இடித்து முன்வரிசைக்குள் தலைகுப்புறத் தள்ளிவிடுகிறாள், மன்னிப்புக் கேட்கக்கூட நிற்கவில்லை. ஒரே வாக்கியம். துடைப்பம் அடங்கியதற்கு உண்மையான காரணம் நெருப்பு இல்லை, குவிரலின் பார்வை விலகியதுதான். அதைக் கண்டுபிடிக்கும் நொடியில் ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! 'நம்ம கண்ணு முன்னாடியே இருந்திருக்கு' என்பார்கள். நம் கவனத்தைத் திருப்பிவிடும் பொய்த்தடம் என்றால் என்ன, கதைப்பின்னல் என்றால் என்ன என்று அப்போது சொல்லுங்கள். சம்பவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவது மட்டும் கதைப்பின்னல் ஆகாது, எதை எப்போது வாசகருக்குக் காட்டுவது என்ற ஏற்பாடும் அதில் சேர்ந்தது என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே விளங்கிவிடும்.

அதே பக்கத்தில் ஒரு சிறுவன் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் பிடிக்கும்: "ஹாரி மேலே தொங்கிக்கிட்டிருக்கான். கீழே நடக்கிறதை யார் பார்த்துச் சொல்றாங்க?" பார்வைக் கோணத்தை இதைவிட நன்றாக யாரும் கேட்டுவிட முடியாது. தொடரின் பெரும்பகுதியில் ஹாரி பார்ப்பதும் நினைப்பதும் மட்டும்தான் நமக்குத் தெரியும், கதை 'நான்' என்று சொல்லப்படாவிட்டாலும். சில இடங்களில் மட்டும் நூலாசிரியர் அவனை விட்டு விலகுகிறார். இந்தப் பக்கம் அப்படி ஓரிடம். முதல் பாகம் தொடங்குவதே பெரியப்பா வெர்னானின் அலுவலக நாளில்தான். நான்காம் பாகம் ஒரு கிழத் தோட்டக்காரரோடு தொடங்குகிறது. ஆறாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்னேப் ஒரு மீற முடியாத சத்தியம் செய்கிறார், ஹாரி அங்கே இல்லை. இந்த இடங்களில் ஏன் விலகினார் என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்தது ஹாரிக்குத் தெரியவில்லை என்றால் படிக்கும்போது என்ன ஆகிறது? 'பயமா இருக்கு, அவன்கிட்டே போய்ச் சொல்லணும்போல இருக்கு' என்று பதில் வந்தால் பாடம் முடிந்தது.

பாத்திரப் படைப்புக்கு முதல் பாகத்தில் வரும் மாயக் கண்ணாடி போதும். முன்னால் நிற்பவரின் ஆழ்ந்த ஆசையைக் காட்டும் கண்ணாடி. ஹாரிக்கு இறந்துபோன குடும்பம் தெரிகிறது. அவன் நண்பன் ரானுக்கு, ஐந்து அண்ணன்களுக்குப் பின்னால் பிறந்தவனுக்கு, தானே மாணவர் தலைவனாக, க்விடிச் அணித் தலைவனாகத் தனியாக நிற்பது தெரிகிறது. 'ரான் எப்படிப்பட்டவன்?' என்று கேட்டால் 'நல்லவன், ஜாலியானவன்' என்று இரண்டு பெயரடைகள் வரும். 'ரானுக்கு ஏன் இது தெரிந்தது?' என்று கேட்டால் ஒரு மனிதன் வெளியே வருவான். தலைமையாசிரியர் டம்பிள்டோர் தனக்குக் கம்பளிக் காலுறை தெரிவதாகச் சொல்கிறாரே, அது உண்மையா? ஹாரிக்கே பிறகு சந்தேகம் வருகிறது. ஒருவர் சொல்வதை வைத்து மட்டும் அவரை எடைபோடக் கூடாது என்பதும் பாத்திரப் படைப்பில் ஒரு பாடம்தான்.

அடுத்ததாக, கண்ணாடி முன்னால் நிற்காத ஒருவரைக் கேளுங்கள். பெரியம்மா பெட்டூனியாவுக்கு என்ன தெரிந்திருக்கும்? முதல் பாகத்தில் மந்திரம் என்றாலே சீறுகிற பெண். 'சுத்தமான வீடு', 'மகன் டட்லிக்குப் பரிசு' என்பார்கள். எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏழாம் பாகத்தில், சிறுமியாக இருந்தபோது தன்னையும் அந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி அவள் டம்பிள்டோருக்குக் கடிதம் எழுதியதும், அவர் அன்பாக மறுத்ததும் தெரியவரும். அந்த வெறுப்புக்கு அடியில் கிடந்தது ஏக்கம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள். பேசவைக்க அவசரப்படாதீர்கள். 'உனக்கு அந்தக் கண்ணாடியில் என்ன தெரியும்?' என்றும் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

முன்னுணர்த்தலுக்கு, அதாவது பின்னால் வரப்போவதை முன்பே கோடிகாட்டுவதற்கு, ஐந்தாம் பாகத்தில் ஒரு பழைய வீட்டைச் சுத்தம் செய்யும் காட்சி. ஒழித்துப் போடும் சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத கனமான பதக்கம் ஒன்று. இரண்டு பாகம் கழித்து உயிரைப் பணயம் வைத்துத் தேடுவது அதைத்தான். முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, குழந்தை ஹாரியைக் கொண்டுவரும் ஹாக்ரிட், மோட்டார் சைக்கிளை இரவல் கொடுத்தவன் சிரியஸ் பிளாக் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்றாம் பாகத்தில் முழு மனிதனாக எழுந்து நிற்பவன் அவன்தான். கொஞ்சம் பெரிய பிள்ளையாக இருந்தால் இதோடு சிலப்பதிகாரத்தையும் சேர்த்துச் சொல்லுவேன். கண்ணகி தன் தோழி தேவந்தியிடம் சொல்லும் கனவில் அயலூரில் கோவலன்மேல் விழும் பழி, அவள் அரசன்முன் முறையிடுவது, ஊருக்கு வரும் கேடு எல்லாம் முன்பே வந்துவிடுகின்றன. அங்கே வெளிப்படையாகச் சொல்லி நம்மைக் கலங்கவைக்கிறார் இளங்கோ. இங்கே சாமான்களுக்கு நடுவே ஒளித்து நம்மை ஏமாற்றுகிறார்கள். முன்னுணர்த்தலில் இரண்டு வழியும் உண்டு என்று அவள் பார்த்துவிடுவாள்.

களத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது, அந்த இரண்டையும் கேட்டாலே போதும்: எங்கே, எப்போது? பிறகு, மாடிப்படிக்கு அடியிலுள்ள அலமாரியில் தூங்கியவன் கோட்டைக்குப் போனதும் அவனிடம் என்ன மாறியது? சிக்கல் என்பதற்கு, மந்திரத்தால் செய்ய முடியாதவற்றைப் பட்டியல் போடச் சொல்லுங்கள். செத்தவரை மீட்க முடியாது, வெறுங்கையில் சாப்பாடு வரவழைக்க முடியாது. எல்லாம் முடியும் என்றால் கதையே இருக்காது என்று அவளே சொல்வாள்.

மையக் கருத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் அவசரப்படுகிறார்கள். 'நன்மை வெல்லும்' என்ற பதில் வந்ததும் திருப்தியாகிவிடுகிறார்கள். அது எந்தக் கதைக்கும் பொருந்தும், அதனால் இந்தக் கதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மூன்று பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சாகாமலிருக்கத் தன் ஆன்மாவையே துண்டுபோட்ட வில்லன் வோல்டமோர்ட். ஆயுளை நீட்டிக்கும் கல்லை அழிக்கச் சம்மதித்த நிக்கோலஸ் ஃபிளமெல். கடைசிப் பாகத்தில் சாகத் துணிந்து தானாகக் காட்டுக்குள் நடந்துபோகும் ஹாரி. மரணத்தை இவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று அவள் யோசிக்கத் தொடங்கினால், அதுதான் மையக் கருத்தை நோக்கிப் போகும் பாதை. நான்காம் பாகத்திலிருந்து கதை இருண்டுகொண்டே போகும், சாவுகள் வரும். எட்டு ஒன்பது வயதுத் தம்பி தங்கை கூட உட்கார்ந்தால் முதல் மூன்று பாகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் இரண்டு விஷயம். படிக்கும்போது குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். ஒரு பாகம் முடியட்டும், பிறகு பேசலாம். பேசும்போது ஒரே ஒரு விதி: எதைச் சொன்னாலும் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்ட வேண்டும். இந்த விதி உங்களுக்கும்தான். ஸ்னேப் நல்லவரா என்ற சண்டை நிச்சயம் வரும். ஹாரியின் அம்மாமீது வைத்த அன்பை ஒருத்தி காட்டுவாள். வகுப்பில் நெவில் என்ற மாணவனை அவர் நடுங்கவைத்ததை இன்னொருத்தி காட்டுவாள். இரண்டு பேர் கையிலும் வரி இருக்கும். நடுவராகப் போகாதீர்கள், இருவரும் இன்னொரு வரி தேடட்டும்.