அப்பாவின் கையில் சீப்பு

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 38 வயது. ஊர் விக்கிரமசிங்கபுரம். மனைவி அம்பாசமுத்திரத்தில் ஆசிரியை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதால் ஆறு வயது மகளைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் நான்தான். அப்பா இதைக் குத்திக்காட்டுகிறார். "ஆம்பள பாக்குற சோலியாலே இது?" என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்கிறார்.

அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவே இல்லை. மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குவார். சத்தம் போடக் கூடாது. அம்மா பீடி சுற்றிக்கொண்டே எங்களை அடக்குவாள். நான் எத்தனாவது படிக்கிறேன் என்றுகூட அவருக்குத் தெரியாது. பத்தாவதில் பள்ளியில் இரண்டாவதாக வந்தபோதும் "சரி" என்றதோடு முடித்துக்கொண்டார். போன வாரம் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தார்; நான் பாதிச் சோற்றில் எழுந்து மாடிக்குப் போய்விட்டேன், அது வேறு விஷயம். என்னைத் தூக்காத மனிதர் என்னைக் குறை சொல்லலாமா? அவர் வாயை எப்படி அடைப்பது?

அன்புள்ள தம்பி,

அது வேறு விஷயம் இல்லை. உங்கள் கடிதமே அந்த ஒரு வரிதான்.

அவர் ஏசியபோது கோபம் வந்தது. சடை பின்னியபோதுதான் சோறு இறங்கவில்லை. உங்களுக்குக் கிடைக்காத கை மகள் தலையில் இருந்தது. பொறாமைதான். பெற்ற மகள்மேலா என்று வெட்கப்பட்டு அதைப் பழைய கணக்குக்குள் ஒளித்திருக்கிறீர்கள். வெட்கப்பட வேண்டாம், ஆறு வயதில் அழாமல் விட்டது இப்போது வருகிறது.

தெருவில் வைத்துப் பேசுவது தப்பு. அதை அவரிடமே சொல்லுங்கள். ஆனால் மற்ற வழக்கில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. பிள்ளை வளர்ப்பு என்றாலே தாயை மட்டும் பார்த்த உளவியல் துறைக்கே, தந்தையர் மறக்கப்பட்டவர்கள் என்று 1975-ல் மைக்கேல் லாம்ப் என்ற ஆய்வாளர் எழுத வேண்டியிருந்தது. படித்தவர்களே அப்படி இருந்தார்கள் என்றால், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றுதானே ஊர் உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும்? உங்களைக் கொஞ்சியிருந்தால் அவரையும் யாராவது "ஆம்பள சோலியாலே" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் குரல் இன்னும் வாயில் இருக்கிறது. கை அதைக் கேட்கவில்லை. இரட்டைச் சடைக்கு வகிடு நேராக எடுப்பது லேசில் வராது தம்பி. இந்த வயதில் பழகியிருக்கிறார், அநேகமாகக் காலையில் உங்களைப் பார்த்து.

உங்களுக்கு விட்டுப்போனது இதனால் திரும்பி வராது. அந்த வருத்தம் நியாயமானது, இருக்கட்டும். அடுத்த முறை அவர் சீப்பை எடுக்கும்போது மாடிக்குப் போகாதீர்கள். நீங்கள் எழுந்து போனதைப் பாப்பாவும் பார்த்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைச் சாப்பிட்டு முடியுங்கள். அவர் ரிப்பனுக்குக் கை நீட்டினால் எடுத்துக் கொடுங்கள்.