ஐந்து முறை வென்றவரும் அமைச்சர் நாற்காலியும்

கேள்வி: தாத்தா, மகன், பேரன் என்று திருவாடானைத் தொகுதியை ஒரே குடும்பம் பரம்பரைச் சொத்தாக வைத்திருக்கலாமா? – வாசகர், தேவகோட்டை

பதில்: பரம்பரைச் சொத்தாக இருந்திருந்தால் 2011-இல் சுப. தங்கவேலனும் 2016-இல் கருணாஸும் அங்கே வென்றிருக்க முடியாது. தாத்தா கரியமாணிக்கம் அம்பலம் ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக் காலத்திலேயே அங்கே செல்வாக்குப் பெற்றவர் என்பதும், பேரன் கருமாணிக்கம் 2021-இல் வென்றார் என்பதும் உண்மைதான். ஆனால் இடையில் மகன் கே.ஆர். ராமசாமி 1989 முதல் 2006 வரை தொடர்ந்து வென்ற ஐந்து தேர்தல்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். 1989-இல் காங்கிரஸ் தனித்து நின்றது, 1991-இல் அ.தி.மு.க. துணை இருந்தது, 1996-இல் காங்கிரஸிலிருந்து பிரிந்த மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸில் (த.மா.கா.), சைக்கிள் சின்னத்தில், தி.மு.க.வோடு கூட்டு, 2001-இல் அதே சைக்கிள், ஆனால் அ.தி.மு.க. அணி, 2006-இல் மறுபடி கைச் சின்னம், மறுபடி தி.மு.க. அணி. தகப்பனார் பெயர் முதல் தேர்தலில் கை கொடுத்திருக்கும். சின்னமும் கூட்டணியும் இப்படி மாறி மாறி வந்தபோது ஐந்தாவது தேர்தல் வரை அது மட்டுமே கரை சேர்த்திருக்காது.

என்னை உறுத்துவது வேறொன்று. இத்தனை முறை வென்றும் ராமசாமி ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. 2006-இல் 96 இடங்களே பெற்ற தி.மு.க., 34 இடங்கள் பெற்ற காங்கிரஸின் ஆதரவோடுதான் ஆட்சி நடத்தியது. அப்போதும் காங்கிரஸுக்கு அமைச்சரவையில் இடமில்லை. வெளியிலிருந்து ஆதரவு தருவது பெருந்தன்மை என்று அன்று பலர் பாராட்டினார்கள். வாக்களித்த மக்களுக்கு இழைத்த அநீதி என்றே நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். 2016-இல் காரைக்குடியில் வென்று, எட்டு உறுப்பினர்கள் கொண்ட காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குத் தலைவரானபோதும் அவருக்கு வாய்த்தது எதிர்வரிசைதான். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் போன்ற ஏரிகளை நம்பி நெல் விதைக்கும் சீமை திருவாடானை. கரையைப் பலப்படுத்தவும் மடையைச் சீராக்கவும் சீமைக்கருவேலை அகற்றவும் எத்தனை முறை வென்ற உறுப்பினரும் மனுவோடு அமைச்சர் அறை வாசலில்தான் நிற்க வேண்டும் என்றால், அந்த அனுபவத்தால் விவசாயிக்கு என்ன பயன்?

குடும்பத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. அதை வாக்காளரிடம் கேட்காமல் வேட்பாளரைத் தீர்மானிக்கும் கட்சிகளிடம் கேளுங்கள். சுவரெழுதி, கொடி கட்டி, வாக்குச்சாவடி முகவராக உட்கார்ந்தே தலை நரைத்த தொண்டனின் பெயர் ஒரு முறையாவது பரிசீலனைக்கு வந்ததா, வந்திருந்தால் எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்பதை எல்லாக் கட்சிகளும் தொகுதி மக்கள் முன்னிலையில் சொல்லட்டும்.