ஜிடிகே, டிகேஇன்டர், க்யூடி (திரையில் விண்டோ, பட்டன் போட உதவும் நிரல் தொகுப்புகள்): கேள்வி பதில்

கேள்வி: சார், ஜிடிகே 3-ல் எழுதிய எடிட்டரை 4-க்கு மாத்துறேன். டயலாக் ரன் ஃபங்ஷனையே காணோம். 'சேமிக்கவா?'ன்னு கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் அதே வரியில் நிக்க வேற வழி இருக்கா?

பதில்: கிடையாது, வேண்டுமென்றேதான் எடுத்தார்கள். டயலாக் ரன் உள்ளுக்குள் இன்னொரு ஈவன்ட் லூப்பை (கிளிக், டைமர் போன்றவற்றைக் கவனித்துக்கொண்டே சுற்றும் சுழற்சி) ஓட்டும். அதற்குள் ஏதோ ஒரு டைமர் வந்து உங்கள் விண்டோவை மூடிவிட்டால், அடுத்த வரியில் செத்த பாயின்டர்தான் (இப்போது இல்லாத விண்டோவின் முகவரி) கையில் இருக்கும். ஃபங்ஷனைக் கேள்விக்கு முன், பின் என்று இரண்டாக வெட்டுங்கள். 4.10 முதல் அலர்ட் டயலாக் இருக்கிறது: சூஸ் கூப்பிடுங்கள், கால்பேக்கில் (பதில் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) சூஸ் ஃபினிஷ். கிடைப்பது பட்டனின் வரிசை எண், 0-விலிருந்து. கேன்சல் பட்டன் எது என்று சொல்லாமல் விட்டால், எஸ்கேப் அழுத்தியதும் -1 வரும். அதை அர்ரே இன்டெக்ஸாகப் போட்டுவிடாதீர்கள்.

பலரும் மாட்டுவது விண்டோ மூடும் இடத்தில். குளோஸ் ரிக்வெஸ்ட் ஹேண்ட்லர் (விண்டோவை மூடச் சொன்னதும் ஓடும் ஃபங்ஷன்) உடனே ட்ரூ திருப்பி, மூடுவதை நிறுத்த வேண்டும். பதில் வந்தபின் கால்பேக்கில் விண்டோ டெஸ்ட்ராய். அங்கே விண்டோ குளோஸ் போட்டால் அதே கேள்வி மறுபடி வந்து நிற்கும்.

கேள்வி: பட்டியல் காட்டுற ட்ரீ வியூவை ஜிடிகே 4.10-ல் ஓரங்கட்டிட்டாங்களே, எல்லாத்தையும் திருப்பி எழுதணுமா அண்ணா?

பதில்: வேண்டாம். 4 இருக்கும்வரை ஓடும். கம்பைலர் எச்சரிக்கும், அவ்வளவுதான். புதுத் திரைகளுக்கு மட்டும் காலம் வியூ (நெடுவரிசைப் பட்டியல்). அதில் திரையில் தெரியும் வரிசைகளுக்கும் அக்கம்பக்கத்து வரிசைகளுக்கும்தான் விட்ஜெட் (திரையில் வரையப்படும் துண்டு). ஸ்க்ரோல் செய்யச் செய்ய அதே விட்ஜெட் வேறு டேட்டாவுக்குப் போகும். பைண்டில் (விட்ஜெட்டில் டேட்டா சேரும்போது ஓடுவது) இணைத்த கிளிக் சிக்னலை அன்பைண்டில் (டேட்டா விலகும்போது ஓடுவது) கழற்றாவிட்டால், நாலு முறை ஸ்க்ரோல் செய்தபின் ஒரு கிளிக் பல முறை ஓடும்.

கேள்வி: விண்டோவைப் போன தடவை இருந்த இடத்திலேயே திறக்கணும். விண்டோ மூவ் எங்கே?

பதில்: போய்விட்டது. வேலண்டில் (லினக்ஸின் புதிய திரை அமைப்பு) விண்டோவின் இடத்தைக் கம்பாசிட்டர்தான் (விண்டோக்களைத் திரையில் அடுக்கிக் காட்டும் நிரல்) தீர்மானிக்கும். அகல உயரத்தை மட்டும் சேமியுங்கள். ஏழெட்டு விண்டோ திறக்கும் கருவிகளுக்கு இது அநியாயம்தான்.

கேள்வி: டிகேஇன்டரில் 'செடி'ன்னு போட்டா கொம்பு ச-வுக்குப் பின்னாடி நிக்குது. நாலு ஃபான்ட் மாத்திப் பார்த்தாச்சு. விண்டோஸில் மட்டும் சரியா வருது.

பதில்: ஃபான்ட் மேல் தப்பில்லை. யூனிகோடில் ச முதலில், கொம்பு அடுத்து. வரையும்போதுதான் இடம் மாற்ற வேண்டும். விண்டோஸில் அந்த வேலையை சிஸ்டமே செய்துகொடுக்கும். லினக்ஸில் டிகே 8.6 (டிகேஇன்டரின் அடித்தளம்) எக்ஸ்எஃப்டி என்ற எழுத்து வரையும் நூலகம் வழியாக, இருக்கும் வரிசையிலேயே எழுத்தை வைத்துக்கொண்டு போகும். 'கொடி' இன்னும் மோசம்: ஒரே குறியீட்டைக் கொம்பு, கால் என்று பிரித்து க-வின் இருபுறமும் வைக்க வேண்டும். ஸ்ட்ரிங்கில் கொம்பைக் கையால் முன்னே நகர்த்தாதீர்கள். தேடலும் காப்பியும் கெட்டுப்போகும். க்யூடி, ஜிடிகே இரண்டும் ஹார்ஃப்பஸ் (எழுத்துகளைச் சரியான இடத்தில் அமைக்கும் நூலகம்) கொண்டு வரைகின்றன, அங்கே மாறுங்கள்.

கேள்வி: அப்போ க்யூடியைப் பைத்தானில் எழுத பைக்யூடியா, பைசைடா? சோர்ஸைத் தர முடியாது.

பதில்: பைசைடு 6, எல்ஜிபிஎல்லில் (உங்கள் சோர்ஸைத் தர வேண்டியதில்லாத லைசென்ஸ்) கிடைக்கும். பைக்யூடி 6-க்கு ஜிபிஎல் (நிரலை வெளியிட்டால் சோர்ஸையும் தர வேண்டும்), இல்லையென்றால் காசு கொடுத்து லைசென்ஸ்.