டிரெட்மில்லில் ஓடும்போது மயங்கி விழுந்தேன், ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது. டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டுமா?

கேட்டவருக்கு வயது 23. ஜிம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டிக் கீழே விழுந்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம். காலையில் ஒன்றும் சாப்பிடாததுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள்.

பார்க்கத்தான் வேண்டும். நாளைக்கே போங்கள். போய்வரும்வரை டிரெட்மில்லைத் தொடாதீர்கள், எடை தூக்குவதும் வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. இரண்டு மயக்கங்களைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன், அவ்வளவுதான். ஒன்று என்னுடையது, இன்னொன்று என் சித்தி மகனுடையது.

என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மெடலோடு படம் எடுக்கவேண்டும் என்று அப்படியே நின்றேன். அரை நிமிடம் இருக்கும். காதில் ஙொய் என்று ஒரு சத்தம், வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் எங்கோ தூரத்துக்குப் போனது. விழித்தபோது என் கால்கள் இரண்டும் யாரோ ஒருவருடைய தோளில் இருந்தன. ஓடும்போது காலுக்கு ஏராளமாக ரத்தம் போகிறது. கெண்டைக்கால் தசைதான் அதைப் பிழிந்து பிழிந்து மேலே அனுப்புகிறது. சட்டென்று நின்றால் அந்தப் பம்பும் நின்றுவிடும். ரத்தம் காலிலேயே தேங்கி, மூளைக்குப் போவது குறையும். ஓட்டம் முடிந்த பிறகும் ஐந்து பத்து நிமிடம் நடக்கச் சொல்வது இதற்காகத்தான். படம் எடுக்கிற ஆசையில் நான் அதைச் செய்யவில்லை.

அப்புறம் தம்பி கதை. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். அவன் ஐந்தரைக்குக் கொண்டுவந்திருந்தான். கோவில்பட்டியில் ஒரு பள்ளி மைதானம், விடிகாலை. மூன்றாவது சுற்றில் வளைவைத் தாண்டி நேராக வரும்போது, வேகம்கூடக் குறையாமல், பொத்தென்று முகம் குப்புற விழுந்தான். கையைக்கூட ஊன்றவில்லை. முன்பல் ஒன்று உடைந்தது. யாரோ வலிப்பு என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். நாங்கள் ஓடிப்போய்ப் புரட்டுவதற்குள் கண் விழித்துவிட்டான். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, "வெறும் வயிற்றில் ஓடாதே" என்று அனுப்பிவிட்டார்கள். அவனோ இரண்டு வாழைப்பழமும் கைநிறையக் கடலை மிட்டாயும் தின்றுவிட்டுத்தான் மைதானத்துக்கே வந்திருந்தான்.

திருநெல்வேலியில் ஒரு இதய டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியைத்தான் உங்களுக்கும் சொல்லவேண்டும் என்று இவ்வளவு எழுதுகிறேன்: "தம்பி, ஓடி முடிச்சு நின்னப்புறம் விழுந்தியா, ஓடிக்கிட்டு இருக்கும்போதே விழுந்தியா?"

நின்ற பிறகு வருகிற மயக்கம் பெரும்பாலும் என்னுடையதைப் போன்றது. ஓடிக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் பம்பு வேலை செய்கிறது, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறித்தான் இருக்கும். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்றால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டுமாம். துடிப்பின் தாளம் தப்பியிருக்கலாம், ரத்தம் வெளியேறும் வழியில் அடைப்பு இருக்கலாம். வெயில், நீர் குறைவு, ரத்தசோகை, சர்க்கரை இறங்குவது எல்லாம் காரணமாக இருக்கக்கூடியவைதான். ஆனால் அவற்றைக் கடைசியில் சொல்லவேண்டும், முதலில் அல்ல.

தம்பியைக் குத்தவைத்து உட்காரச் சொல்லி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே எழுந்து நிற்கச் சொன்னார். இரண்டு மூன்று தடவை. எழுந்ததும் ஒரு இரைச்சல் கூடுகிறது என்று பயிற்சி டாக்டர் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். அப்புறம் ஈசிஜி, எக்கோ என்கிற இதய ஸ்கேன். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவர் சாதாரணமாக 12 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இவனுக்கு 21. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்று பெயர், இதயத் தசை தடித்துப்போவது. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறதாம், பலருக்குத் தெரிவதே இல்லை. 2003-இல் லியோனில் ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்த கேமரூன் கால்பந்து வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்கு இருந்ததும் இதுவே. அவருக்கு வயது 28.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டரிடம் போகும்போது, நீங்கள் விழுந்ததைப் பார்த்த நண்பரையும் கூட்டிப்போங்கள். நிறம் வெளுத்ததா, கை கால் வெட்டியதா, எத்தனை நேரம் கிடந்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஜிம்மில் கேமரா இருந்தால் அந்த வீடியோ இன்னும் நல்லது. ஏதாவது பவுடர் கலக்கிக் குடிப்பவர் என்றால் டப்பாவையும் எடுத்துப்போங்கள், வெட்கப்படவேண்டாம். ஈசிஜி நார்மல் என்றதும் கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சில தாளக் கோளாறுகள் ஓடும்போது மட்டும்தான் தலைகாட்டும். எக்கோ, டாக்டர் முன்னிலையில் டிரெட்மில் பரிசோதனை, 24 மணி நேரம் உடம்பில் கட்டிக்கொண்டு துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி என்று அவர் எழுதினால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெஞ்சுவலி, விழுவதற்கு முன் படபடப்பு, மூச்சுத் திணறல், தெளிய நேரமாவது, மறுபடி மயக்கம், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஜிம் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். விட்டால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், முழுதாகத் தெளியும்வரை வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். கூப்பிட்டு அசைவில்லை, மூச்சில்லை அல்லது குறட்டை போல எப்போதாவது ஒரு இழுப்பு மட்டும் என்றால் அது மயக்கம் அல்ல, இதயம் நின்றுவிட்டது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நடு நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். 2021 ஜூனில் டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் விழுந்தபோது இப்படித்தான் உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சியும் கொடுத்து மீட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் மறுபடி விளையாட வந்துவிட்டார்.

தம்பிக்கு நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், மாத்திரையும் உண்டு. போலீஸ் ஆசையை விட்டுவிட்டு குரூப் 4-க்குப் படிக்கிறான். டாக்டரைக் கண்டால் இன்னும் கோபம் அவனுக்கு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று அந்த டாக்டர் கேட்டபோது சித்தி இல்லவே இல்லை என்றார். ராத்திரி வீட்டில் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணனை முனி அடிச்சதுதான், வேற யாரும் அப்படிப் போகல" என்றார். நான் பிறப்பதற்கு முன்பே போன என் தாய்மாமன். 29 வயது, ஊரிலேயே நல்ல நீச்சல்காரர், பட்டப்பகலில் கிணற்றில் குதித்தவர் மேலே வரவில்லை. அது இதயமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் போனில் சொன்னதும் டாக்டர் சித்தியையும் தங்கையையும் எக்கோவுக்கு வரச் சொன்னார், அம்மாவையும் என்னையும்கூட. எனக்கு 9 மில்லிமீட்டர்.

அதனால் இன்று இரவே அம்மாவிடம் கேளுங்கள். இதயநோய் யாருக்காவது இருந்ததா என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் பதில் வரும். நாற்பது வயதுக்குள் யார் யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்று கேளுங்கள்.