மலாவிக்குப் புறப்படும் குடும்பம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் சாத்தான்குளம் பக்கத்துக்காரன். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் பி.எஸ்சி. அக்ரி முடித்துவிட்டு, சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மனைவி செவிலியர். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு வயது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுச் சபை ஒன்று விவசாய ஊழியத்துக்கு எங்களைக் குடும்பமாக அழைத்திருக்கிறது. ஜெபித்து முடிவெடுத்துவிட்டோம். வருகிற ஏப்ரலில் புறப்பாடு.

சபையில் சில பெரியவர்கள், "ஊழியம்னா வசனம் சொல்றது. மண்வெட்டி பிடிக்கவா அவ்வளவு தூரம் போற?" என்கிறார்கள். எங்களைத் தாங்க முன்வந்த ஒருவரோ, "விதையும் உரமும் இலவசமா குடு, ஜனங்க தானா சபைக்கு வருவாங்க" என்கிறார். மாமனார், மகளைப் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார். நான் நம்ம ஊர் முருங்கை விதை, பனங்கொட்டை, பயறு எல்லாம் கொண்டுபோகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு எப்படி ஆயத்தப்பட வேண்டும்? உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கடிதம் வாசித்துச் சந்தோஷப்பட்டேன். உங்கள் நான்கு பேருக்காகவும் வீட்டில் ஜெபித்தோம்.

முதலில் மண்வெட்டிப் பேச்சை முடித்துவிடுவோம். திருநெல்வேலிச் சபைக்காரர்கள் கேட்கவே கூடாத கேள்வி அது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் மெஞ்ஞானபுரம் இருக்கிறது. 1838இல் மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் அங்கே வந்தபோது மணல் பறக்கிற வெறும் தேரி. அவர் கிணறு வெட்டினார், மரம் வைத்தார், 1870இல் கண்மூடும்வரை அந்த ஊர் ஊழியத்தை விடவில்லை. இன்றைக்குப் போகிறவர்கள் 192 அடி ஆலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் கோபுரத்துக்கு முன்பே கிணறு வந்துவிட்டது. அலகாபாத்தில் சாம் ஹிக்கின்பாட்டம் என்ற மிஷனெரி, கல்லூரியில் பாடம் நடத்த வந்தவர். கிராமத்துப் பசியைப் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பி, விவசாயம் படித்து மறுபடி வந்து, அங்கே விவசாயக் கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பினார். பெரியவர்களிடம் இதைப் பணிவாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டாம், நேரம்தான் வீணாகும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் அவசரம். சொட்டுநீர், முருங்கை, பனை, பயறு என்று நீங்கள் சேர்க்கிற பட்டியல் முழுக்க நமக்குத் தெரிந்ததாகவே இருக்கிறது. அங்கே உள்ளவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பருத்தித் தோட்டக்காரர்களைச் சம்பளம் கொடுத்து வரவழைத்தது. தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் சோதனைப் பண்ணைகள் வைத்தார்கள். நீண்ட இழை அமெரிக்கப் பருத்தியைத் தமிழ்நாட்டுக் குடியானவனுக்குக் கற்றுக்கொடுப்பது திட்டம். பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டும் பெரிதாக எடுபடவில்லை. கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரிக்காரன் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியை விடவில்லை. மழை ஏமாற்றினாலும் எது தாக்குப்பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். வந்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் அறிந்திருந்தது வேறு மண், வேறு மழை.

மலாவிக்கு வருகிறேன். அங்கே நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒரே ஒரு மழைக்காலம். நமக்குத் தாமிரபரணியில் கார் நெல் போனால் பிசான நெல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு போகம்தான் வருஷச் சாப்பாடு. ந்சிமா என்ற மக்காச்சோளக் களி இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஜனவரி, பிப்ரவரியில் வீட்டில் பழைய மக்காச்சோளம் தீர்ந்துபோயிருக்கும், புதுசு இன்னும் முற்றியிருக்காது. அந்த இரண்டு மாசத்தைப் பார்க்காமல் அந்த நாட்டு விவசாயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பேன். ஏர் மாடு குறைவு, பெரும்பாலும் கைக்கொத்துதான். பார் கட்டி, அதே பாரில் மக்காச்சோளம், பூசணி, துவரை என்று கலந்து போடுகிறார்கள். ஆமாம், துவரை. ஆண்டுக்கு 50,000 டன் துவரை வாங்கிக்கொள்வதாக 2021இல் இந்தியா மலாவியோடு ஒப்பந்தம் போட்டது. நம் வீட்டுச் சாம்பாரில் கொதிப்பது அந்த ஊர்ப் பெண்கள் விளைவித்த பருப்பாகவும் இருக்கலாம். அவர்களுக்குப் பயறு போடச் சொல்லிக்கொடுக்கவா போகிறீர்கள்?

ஆகவே உங்கள் படிப்புக்குக் கிள்ளிகுளம் போதாது. இந்தப் புரட்டாசியிலிருந்து தை வரை விளாத்திகுளம் பக்கம் மானாவாரி மக்காச்சோளக்காரர் ஒருவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்று பார்க்கிற வேலை வேண்டாம், விதைப்பு, களை, அறுப்பு எல்லாம் கையால் செய்ய வேண்டும். மக்காச்சோளத்தைத் தின்கிற படைப்புழுவை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆப்பிரிக்காவில் 2016இல் தலைகாட்டியது, இந்தியாவுக்கு 2018இல் வந்தது. அந்த வருஷம் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் நான் சுற்றியபோது காடு காடாகச் சல்லடையாகிக் கிடந்தது. ஒரு பெரியவர் விடியற்காலையில் குருத்தை விரலால் பிரித்துக் காட்டினார். உள்ளே மரத்தூள் மாதிரி ஈரமான எச்சம், அதற்குக் கீழே புழு. தலையில் கவிழ்த்துப் போட்ட கவட்டை போல ஒரு வெள்ளைக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. மருந்து வாங்கக் காசில்லை என்று ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை மணலும் சாம்பலும் போட்டுக்கொண்டே போனார். ஆப்பிரிக்காவிலும் ஏழை விவசாயிகள் இதையே செய்கிறார்கள். இந்த வேலையை ஒரு ஏக்கர் முழுக்கக் குனிந்து செய்து இடுப்பு பிடித்துப்போனவர், அங்கே போய், "ஏன் மருந்து அடிக்கவில்லை?" என்று கேட்க மாட்டார்.

அங்கே போனதும் முதல் மழைக்கு யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காதீர்கள். அரை ஏக்கர் கேட்டு வாங்கி, பக்கத்துக் காட்டுக்காரி என்ன செய்கிறாளோ அதை அப்படியே செய்யுங்கள். விளைச்சல் அவளுடையதைவிடக் குறைவாகத்தான் வரும், வரட்டும். அதற்கு முந்தின ஆறு மாசமும் சிச்செவா மொழிக்கு. அனுப்புகிறவர்கள் முதல் வருஷமே அறிக்கையும் போட்டோவும் கேட்பார்கள். "இந்த வருஷம் நாங்கள் மாணவர்கள்" என்று இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

காட்டுக்காரி என்று தெரிந்தேதான் எழுதினேன். மத்திய, தென் மலாவியில் பல இடங்களில் நிலம் தாய்வழியில் இறங்குகிறது, கல்யாணமானால் மாப்பிள்ளை பெண்ணின் ஊருக்குக் குடிபோவது அங்கே வழக்கம். கொத்துவதிலும் களையெடுப்பதிலும் பெண்களின் பங்கு பெரிது. நீங்கள் ஆண்களைக் கூட்டி வைத்துப் பேசிவிட்டு வந்தால், நிலத்துக்குச் சொந்தக்காரிகள் காதில் ஒன்றும் விழாது. அதனால் விளாத்திகுளத்துக்கு உங்கள் மனைவியும் வர வேண்டும். அவரை 'ஊழியரின் மனைவி' என்று மட்டும் கணக்கில் வைத்தால் ஊழியத்தில் பாதி போய்விடும். இன்னொன்று, செவிலியர் என்பதால் அங்கே போனதும் மருந்துப் பெட்டியைத் திறந்துவிடக் கூடாது. அந்த நாட்டுச் செவிலியர் கவுன்சிலில் பதிவு வாங்கும் வேலையை இங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

விதைகளைக் கொண்டுபோகாதீர்கள். அந்த நாட்டு இறக்குமதி அனுமதியும் நம் நாட்டுப் பயிர் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் பெட்டியில் விதை வைப்பது சட்டப்படி தப்பு. சட்டம் கிடக்கட்டும், சீமைக்கருவேலத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். விறகுக்கு ஆகும் என்று நல்லெண்ணத்தில் தூவிய விதை நம் குளங்களை என்ன பாடு படுத்துகிறது! முருங்கை அங்கே ஏற்கெனவே இருக்கிறது, சம்வம்பா என்பார்கள். பனையும் உண்டு. நம் பனைக்குக் கூடப்பிறந்த ஆப்பிரிக்கப் பனை, ஷிரே ஆற்றங்கரையில் நிற்கிறது. அதை அவர்கள் எதற்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

கொண்டுபோக வேண்டியது கைப்பழக்கம். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துத் திருகையில் உடைக்க உங்கள் வீட்டு ஆச்சிக்குத் தெரிந்திருக்கும், உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். முழுத் துவரையாக விற்கிறவர்கள் பருப்பாக உடைத்தால் காசு கூடுமா என்று இரண்டாம் வருஷம் அவர்களோடு சேர்ந்து பார்க்கலாம். ஈரத்தோடு கட்டிவைத்த மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்து நஞ்சாவதும் அங்கே பெரிய பிரச்சினை. நன்றாகக் காயவைப்பது, காற்றுப் புகாத சாக்கில் சேமிப்பது, இதில் நல்ல பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுநீர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விதையும் உரமும் கொடுத்தால் ஜனங்கள் சபைக்கு வருவார்கள் என்று சொன்னவரைப் பற்றி. தம்பி, இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் மிஷனெரிகள் நம் ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், உயிரைக் காப்பாற்றினார்கள். அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். மனப்பூர்வமாகச் சேர்ந்தவர்கள்கூட, "கஞ்சிக்குப் போனவன்தானே" என்ற ஏச்சைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தார்கள். அந்த ஏச்சை இன்னொரு ஜனத்தின் தலையில் நாம் ஏற்றி வைக்கலாமா? பசித்தவனுக்குக் கொடுங்கள், கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். ஆனால் உங்கள் தோட்டத்து வேலி சபைக்கு வருகிறவனுக்கும் வராதவனுக்கும், மசூதிக்குப் போகிற யாவோ இனக் குடும்பத்துக்கும் ஒரே மாதிரி திறந்திருக்க வேண்டும். சுவிசேஷத்தை வாயால் சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். உர மூட்டையைத் தூண்டிலாக்க வேண்டாம். அந்த மனிதரின் பணம் இந்த நிபந்தனையோடுதான் வரும் என்றால் அது இல்லாமலே போங்கள்.

மேலும், மலாவி சுவிசேஷம் கேளாத தேசமல்ல. 1875இல் லிவிங்ஸ்டோனியா மிஷன் அங்கே தொடங்கியது. இன்றைக்கு ஜனத்தொகையில் பெரும்பகுதி கிறிஸ்தவர்கள்தான். ஆனால் வெளியிலிருந்து வந்தவர்கள் நடத்திய விவசாயத்தால் பட்ட காயமும் அங்கே இருக்கிறது. மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டனின் மகள் வழிக் குடும்பத்துக்குச் சொந்தமான பெரிய தோட்டத்தில், குடியிருந்த குற்றத்துக்கு ஜனங்கள் வாடகைக்குப் பதில் உடலுழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 1915 ஜனவரியில் கிளம்பியவர் ஜான் சிலெம்ப்வே, அவரும் ஒரு போதகர். அந்தக் கிளர்ச்சியில் உயிர்கள் போயின, அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் முகம்தான் இன்றைக்கு அந்த நாட்டுப் பண நோட்டில் இருக்கிறது. ஊழியத்தின் பெயரில்கூட நிலம் வாங்காதீர்கள், எல்லாம் உள்ளூர்ச் சபையின் பேரிலேயே இருக்கட்டும். அங்குள்ள போதகருக்குக் கீழே வேலை செய்யப் போகிறோம் என்ற நினைப்பு உங்கள் இருவருக்கும் வேண்டும்.

மகளை ஹாஸ்டலில் விட வேண்டாம். மாமனாரின் பயம் நியாயமானது, பேத்தி மேல் உள்ள பாசம் அது. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால், பெற்றோரை ஊழியம் பறித்துக்கொண்டது என்று அவள் மனதில் பதிந்துவிடும். முதலில் அவளிடம் கேளுங்கள், தோழிகளை விட்டுப் போக அழுவாள், அழட்டும். மொழி உங்களைவிட அவளுக்கும் தம்பிக்கும் சீக்கிரம் வரும். பள்ளிக்கூட விஷயத்தை அழைத்த சபையிடம் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலேரியாவை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே வருவது மூளையைத் தாக்கக்கூடிய வகை. கொசுவலை தினமும் வேண்டும், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தாலும் மலாவியிலிருந்து வந்தோம் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். விமானம் அடிஸ் அபாபா வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் போட்டுக்கொள்வது நல்லது. பத்து நாள் முன்னதாகவாவது போட்டிருக்க வேண்டும்.

உங்கள் சபை ஐயரிடமும் நான் பேசத் தயார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளாளன்விளை அசரியாவும் மற்றவர்களும் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நம் வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒதுக்கிய கைப்பிடி அரிசி அந்த மாதிரி ஊழியங்களைத் தாங்கியது. இன்றைக்கு நாம் அசன விருந்து வைத்து, மாலை போட்டு, பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்புகிறோம். இரண்டாம் வருஷம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் தவிக்கிறபோது யாரும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு மாதம் எவ்வளவு, திரும்பி வந்தால் குடியிருக்க வீடு எங்கே, இரண்டையும் கமிட்டி தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நான் கேட்கிறேன்.

ஏப்ரல் புறப்பாடு நல்ல நேரம்தான். அறுப்பு நடக்கிற சமயத்தில் போய்ச் சேருவீர்கள், நவம்பர் மழைக்கு முன் மொழிக்கு ஆறு மாசம் கிடைக்கும். விளாத்திகுளத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் நாலு ஏக்கர் மக்காச்சோளம் போடப் போகிறார். புரட்டாசி இரண்டாம் வாரம் விதைப்பு என்றார், மழையைப் பொறுத்து முன்னே பின்னே ஆகலாம். கூலி கிடையாது, மத்தியானச் சாப்பாடு உண்டு. உங்கள் இருவரையும் எதிர்பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி