முதலில் ஒலி, பிறகு விருது: ஆவணப்படம் எடுப்போர் கேட்ட கேள்விகள்

கேள்வி: ஏ.எல். முடித்துவிட்டேன். ஆவணப்பட இயக்குநராக வர விருப்பம். விருது எடுக்கிற மாதிரிப் படம் செய்ய எவ்வளவு பெரிய கமரா வேண்டும்?
– வாசகி, கொக்குவில்

கையில் இருக்கும் கமராவோ நல்ல கைத்தொலைபேசியோ இப்போதைக்குப் போதும். சேர்த்த காசை ஒலிக்குப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் சனம் பொறுத்துக்கொள்ளும். ஆச்சி சொல்வது விளங்காவிட்டால் எழும்பிப் போய்விடும். விழாக்களில் படம் தெரிவு செய்கிறவர்களும் அப்படித்தான்.

எங்கள் வீடுகளில் நேர்காணல் பெரும்பாலும் விறாந்தையில்தான் நடக்கும். சோளகம் வீசும் மாதங்களில் பனையோலைச் சலசலப்பு, அடுத்த வளவு நீர்ப்பம்பி, தலைக்கு மேல் ஃபான் எல்லாம் குரலோடு சேர்ந்து பதிந்துவிடும். எடிட்டிங்கில் பிரித்தெடுக்கப் போனால் தகரப் பேணிக்குள் இருந்து கதைப்பது போலக் குரல் மாறிவிடும். ஆகவே ஆளை உள்ளறைக்குக் கூட்டிப் போங்கள். மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறை எதிரொலியை விழுங்கும். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது உங்கள் மோட்டார் சைக்கிள் திறப்பை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறக்க வழியில்லை. ரேடியோவையும் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னணியில் ஓடும் சினிமாப் பாட்டு ஒவ்வொரு வெட்டிலும் துள்ளும். அத்தோடு படத்தைத் தொலைக்காட்சிக்கு விற்கும்போது இசைக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமை கேட்பார்கள்.

கொலர் மைக்கை நாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, நெஞ்சின் நடுவில் பொருத்துங்கள். வயரை ஒரு சிறு வளையமாக மடித்து மருந்துக்கடைப் பிளாஸ்டரால் ஒட்டினால், வயர் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. கஞ்சி போட்ட சேலையென்றால் மைக்கின் இரு பக்கத் துணியையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். பதிவுக் கருவியின் ஒலியளவு காட்டியில் குரலின் உச்சம் -12 டெசிபல் அளவில் நிற்கட்டும். 0-ஐத் தொட்டால் குரல் வெடிக்கும். வெடித்ததைப் பழையபடி ஆக்க முடியாது. பதிவின் சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை தரம் ஒலியை அளக்கிறது என்பது) 48 கிலோஹேர்ட்ஸில் இருக்கட்டும். ஹெட்போனைக் கடைசிவரை கழற்றாதீர்கள். எல்லாம் முடிந்ததும் ஆளை எழும்ப விடாமல், எல்லோரும் வாய் மூடி இருக்க, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதியுங்கள். பேச்சை வெட்டிய இடங்களை அதை வைத்துத்தான் மூட வேண்டும்.

கேள்வி: ரியூப் லைற் வெளிச்சத்தில் எடுத்த காட்சியில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. கமரா பழுதா?
– வாசகர், பருத்தித்துறை

பழுதில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தரம் கூடிக் குறைகிறது. நொடிக்கு 25 பிரேமில், ஷட்டரை (ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை) 1/50 நொடியில் வைத்தால் பட்டை மறையும். பல தொலைபேசிகள் 30 பிரேமும் 1/60உம் பிடித்துக்கொள்வதால்தான் இந்தத் தொல்லை. அதன் பிறகும் ஓடினால் அது மலிவு எல்.ஈ.டி. மின்குமிழின் குறை, குமிழை மாற்றுங்கள்.

கேள்வி: 40 மணிநேரக் காட்சி சேர்ந்துவிட்டது. எங்கே வைப்பது?
– வாசகர், சாவகச்சேரி

நொடிக்கு 100 மெகாபிட் பதிவென்றால் ஒரு மணிநேரம் 45 ஜி.பி., 40 மணிநேரம் 1.8 ரி.பி. இரண்டு ஹாட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். மூன்றாவதை வேறொரு வீட்டில் வையுங்கள். பிரதியைத் திறந்து ஓடவிட்டுப் பார்க்காமல் மெமரி காட்டை அழிக்காதீர்கள். பிரதி ஏறும்போது கரண்ட் போனால் கோப்பு பாதியில் நிற்கும், பெயர் மட்டும் முழுசாகத் தெரியும்.

கேள்வி: காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் படமாக்குகிறோம். கையெழுத்து வாங்கினால் போதுமா?
– மாணவர் குழு, திருநெல்வேலி

போதாது. 2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டம் தொடங்கிய பிறகு, இந்த அம்மாக்கள் ஒரே கேள்விக்கு எத்தனையோ கமராக்களுக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டார்கள். முதல் இரண்டு மூன்று தரம் கமரா இல்லாமல் போங்கள். "கடைசியாக எப்ப கண்டனீங்கள்?" என்று முதல் நாளே கேட்காதீர்கள்.

ஒப்புதல் தாள் தமிழில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்ட வேண்டும். படம் எங்கே காட்டப்படும், இணையத்தில் ஏறுமா, எந்தத் திகதிவரை விலகலாம் என்பது அதில் இருக்கட்டும். எடிட்டிங் முடியுமுன் அவர்களின் பகுதியை அவர்களுக்கே போட்டுக் காட்டி, திரும்பவும் சம்மதம் கேளுங்கள். சுவரில் தொங்கும் படத்தில் வேறு பிள்ளைகளின் முகம் தெரிகிறதா, படலையில் வீட்டு இலக்கம் விழுந்திருக்கிறதா என்று பிரேம் பிரேமாகப் பாருங்கள். தொலைபேசியில் இடக்குறிப்பு பதிவதை நிறுத்தி, ஹாட் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள். படம் வெளிவந்தால் பிள்ளை கிடைக்கும் என்ற எண்ணத்தில் ஓர் அம்மா கதைக்கிறார் என்று பட்டால், அன்றே கமராவை நிறுத்தி, இந்தப் படத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: படம் முடிந்தது. யூடியூப்பில் போட்டுவிட்டு விழாக்களுக்கு அனுப்பலாமோ?
– வாசகர், மானிப்பாய்

முதலில் யூடியூப் வேண்டாம். முதல் திரையிடலைத் தங்களுக்கே கேட்கும் விழாக்கள் பல; இணையத்தில் ஏறிய படத்தைச் சில விழாக்கள் எடுப்பதே இல்லை. கடவுச்சொல் போட்ட இணைப்பை மட்டும் அனுப்புங்கள். 1988இல் தொடங்கிய அம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழா நவம்பரில் நடப்பது. வளரும் நாடுகளின் இயக்குநர்களுக்கு அதனோடு இணைந்த பேர்தா நிதியும் உண்டு. ஜப்பானின் யமகத்தா விழா 1989இலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒரு தரம். மும்பை விழா 1990இலிருந்து ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் அசைவூட்டப் படத்துக்கும் உரியது. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஒஸ்காரின் கணக்கில் பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 40 நிமிடம் வரைதான் குறும்படம். படம் 43 நிமிடத்தில் நின்றால் மூன்று நிமிடத்தை வெட்டப் பாருங்கள்.

ஆங்கிலத் துணைத்தலைப்பு ஒரு வரிக்கு 42 எழுத்துக்கு மேல் போகாமல், இரண்டு வரிக்குள் இருக்கட்டும். எங்கள் பேச்சுத் தமிழைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். "ஓம், ஓம், அவர் வந்தவர்தான்" என்பதில் இருக்கும் தயக்கம் ஆங்கிலத்திலும் தயக்கமாகவே வர வேண்டும்.

கேள்வி: விருது கிடைத்தால் இதை வைத்துச் சீவிக்கலாமா?
– வாசகி, உரும்பிராய்

பெரும்பாலான விருதுகள் சான்றிதழோடு முடிந்துவிடும். பலர் கலியாண வீடியோ, நிறுவனங்களுக்கான படம், எடிட்டிங் வேலை என்று செய்துதான் அடுத்த படத்துக்குச் சேர்க்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விருது வந்ததும் உரிமை கேட்டு ஆட்கள் வருவார்கள். ஒப்பந்தத்தில் எந்த நாடுகள், எத்தனை வருடம், உரிமை அவர்களுக்கு மட்டும்தானா என்ற மூன்றையும் பாருங்கள். "எல்லா ஊடகங்களிலும் நிரந்தரமாக" என்று எழுதியிருந்தால், அந்த வரியை வெட்டும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.