மறதி நோயைத் தடுக்க வலி மாத்திரையா?

வயதான தந்தையின் மூளை நரம்பணுக்கள் சேதமடையாமல் இருக்கத் தினமும் அழற்சி தணிக்கும் மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்காதீர்கள். உங்களுக்கும் யாரோ ஒரு கட்டுரையை அனுப்பியிருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததை அனுப்பியவர் என் அண்ணன்.

அதை நம்பி அப்பா யாரிடமும் சொல்லாமல் நாப்ராக்சன் என்ற அழற்சி தணிக்கும் வலி மாத்திரையைச் சாப்பிட ஆரம்பித்தார். இரத்த அழுத்த மாத்திரைகளோடு அதுவும் ஒரே டப்பாவில் கிடந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. சில மாதங்களில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. மருத்துவர் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. அடுத்த கேள்வி, "மலம் கறுப்பாகப் போகிறதா?" அப்பா தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம்" என்றார். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. ஹீமோகுளோபின் 6. இரத்தம் ஏற்றித்தான் மீட்டார்கள்.

அந்தக் கட்டுரை பொய்யில்லை, பாதிக் கதை. இவ்வகை மாத்திரைகளை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டவர்களிடம் அல்சைமர் என்ற மறதி நோய் குறைவாக இருந்ததாக 2001இல் வெளியான ராட்டர்டாம் ஆய்வு சொன்னது உண்மை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா ஓயாமல் தூண்டப்பட்டால் நரம்பணுக்களுக்குக் கேடு என்பதால் பலரும் நம்பினார்கள். ஆனால் குடும்பத்தில் மறதி நோய் இருந்த, 70 வயதைக் கடந்தவர்களுக்கு நாப்ராக்சனும் அதே வகை மாத்திரையான செலிகாக்சிபும் கொடுத்துப் பார்த்த அடாப்ட் சோதனையில் மாத்திரைகளை 2004 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். காரணம், இதய ஆபத்து குறித்த அச்சம். மூளைக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. 19,114 முதியவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் ஆஸ்பிரினும் மறதி நோயைத் தடுக்கவில்லை. இரத்தக் கசிவுதான் கூடியது.

நான் மருத்துவர் இல்லை. மூட்டு வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததையோ, மாரடைப்புக்குப் பின் சாப்பிடும் ஆஸ்பிரினையோ நிறுத்தச் சொல்லவும் இல்லை. அப்படித் திரித்துச் சண்டைக்கு வராதீர்கள்.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் இரவெல்லாம் கண்விழித்தவள் நான். அவரிடமிருந்து வந்ததோ மஞ்சளைப் பற்றி இன்னொரு கட்டுரை. தூரத்தில் இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்வதே பராமரிப்பாகிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவள் கேள்வி கேட்டால் வாயாடி.

உங்கள் அப்பாவுக்கு இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதியுங்கள். இரண்டுமே மறதி நோயோடு தொடர்புடையவை. அவர் ஏற்கெனவே மாத்திரையைத் தொடங்கியிருந்தால், இன்றே மலத்தின் நிறத்தைக் கேளுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார், விடாதீர்கள்.